நாக்கு எந்தப் பக்கம் நகருது?

காலை பதினொரு மணிக்கே ஃபைல் மேல் தலை சாய்கிற ஆசாமி எல்லா ஆபீஸிலும் ஒருத்தராவது உண்டு. ‘ராத்திரி செகண்ட் ஷோவா சார்?’ என்று கேட்டுக் கடுப்பேத்துவோம். மனுஷர் ஒன்பது மணிக்கே படுத்தவராக இருப்பார். தெருவே கேட்கிற மாதிரி குறட்டை விட்டுத் தூங்கியும் இருப்பார். என்ன, நடுநடுவே மூச்சுதான் விட்டிருக்க மாட்டார்!

ஸ்லீப் ஆப்னியா என்று இதற்குப் பெயர். குறட்டை திடீரென்று நிற்கும். பத்து விநாடியோ அதற்கு மேலோ நிசப்தம். அப்புறம் ஒரு உறுமலோடு வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகும். மணிக்கு 30 தடவை இப்படி ஆனால் கேஸ் கடுமை. அதாவது, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை யாரோ உலுக்கி எழுப்புகிற மாதிரி. காலையில் அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. ஆனால், பைக் ஓட்டும்போது கண் சொருகும். அங்கேதான் ஆபத்து.

கோளாறு எங்கே? மூக்குக்கு எலும்பு உண்டு, மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு உண்டு. நடுவில் நாக்குக்குப் பின்னால் இருக்கிற பாதைக்கு மட்டும் சதைதான் சுவர். தூக்கத்தில் தசை தளர்ந்ததும், நைந்துபோன ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளுமே, அந்தக் கதைதான்.

சரி, உள்ளே நடப்பதை எப்படிப் பார்ப்பது? மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற முறையை 1991-ல் லண்டன் டாக்டர்கள் எழுதினார்கள். அதில் சுவர் ஒட்டுவது தெரியும். சதைக்குள்ளே நடப்பது தெரியாது.

சிட்னியில் லின் பில்ஸ்டன் குழுவினர் வேறு வழி பிடித்தார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில், நாக்கின் மேலேயே கிராஃப் பேப்பர் மாதிரி கட்டம் போட்டுவிட்டார்கள். மையில் இல்லை சார், காந்தத்தில்! மூச்சை இழுக்கும்போது கட்டம் எப்படி வளைகிறது என்று பார்த்தால், எந்தச் சதை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது அம்பலம்.

ஆரோக்கியமான ஆளுக்கு, மூச்சை இழுக்கும்போது நாக்கின் பின்பகுதி முன்னால் நகர்ந்து வழிவிடுகிறது. எல்லாம் மில்லிமீட்டர் கணக்குதான். கடுமையான ஆப்னியாக்காரர்கள் பலருக்கு நாக்கு கிட்டத்தட்ட அசைவதே இல்லை. சிலருக்கு ஒரு பகுதி முன்னே போக, இன்னொரு பகுதி பின்னே வருகிறது. ஒரே நாக்கில் கூட்டணிக் குழப்பம்!

இது வெறும் வேடிக்கை இல்லை. முகமூடி மாட்டிக் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகிற ‘சி-பாப்’ மெஷினை 1981-ல் உலகத்துக்குச் சொன்ன காலின் சல்லிவனும் சிட்னிக்காரர்தான். (குறட்டைக்கும் அந்த ஊருக்கும் பூர்வ ஜென்ம பந்தம் போல!) நல்ல மெஷின். ஆனால், பாதி ராத்திரியில் கழற்றி எறிகிறவர்கள் நிறைய. கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற பல் கிளிப் ஒருத்தருக்குக் கேட்கும், இன்னொருத்தருக்குக் கேட்காது. நாக்கு நரம்பைத் தூண்டுகிற கருவிக்கு அமெரிக்கா 2014-ல் அனுமதி கொடுத்தது. அதுவும் எல்லோருக்கும் ஒத்துவராது. எது யாருக்கு என்பதைக் காசு செலவழிப்பதற்கு முன்பே சொல்ல, இந்த மில்லிமீட்டர் கணக்கு உதவுமா என்பதுதான் ஆராய்ச்சி.

ஒரு சிக்கல். எம்.ஆர்.ஐ. மெஷின் போடுகிற சத்தத்தில் கும்பகர்ணனே எழுந்துவிடுவான். அதனால் கட்டம் போட்ட படங்களைப் பெரும்பாலும் விழித்திருப்பவர்களிடம்தான் எடுத்திருக்கிறார்கள். வழக்கமான டெஸ்ட் இன்னமும், உடம்பில் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பார்ப்பதுதான். டாக்டரிடம் போகும்போது வீட்டம்மாவையும் கூட்டிப் போங்கள். எப்போது குறட்டை நின்றது, எத்தனை நேரம் நின்றது என்று பக்கத்தில் படுத்து எண்ணியவர் அவர்தானே!