தூங்கும்போது படகை ஓட்டுவது யார்?

தேர்வு வாரம். இரண்டு இரவுகள் சரியான தூக்கமில்லை. பத்து ஃபெரிங்கியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போக 101ஆம் எண் பேருந்தில் ஏறியவன், கண் விழித்தபோது தெலுக் பஹாங்கில் இருந்தேன். நான் தூங்கினாலும் ஓட்டுநர் தூங்கவில்லை, அதனால் அரை மணி நேரம்தான் நட்டம். மீனவர்களின் படகுத்துறைக்கு நடந்தேன். அண்மையில் படித்த ஒரு படகுப் போட்டி மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

1960இல் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க்கிற்கு ஐந்து பேர் ஆளுக்கொரு பாய்மரப் படகில் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். 40 நாளில் முதலாவதாக வந்த பிரான்சிஸ் சிச்செஸ்டருக்கு வயது 58. ஆனால் என்னைக் கவர்ந்தவர் இரண்டாவதாக வந்த பிளாண்டி ஹாஸ்லர். போட்டிக்கான யோசனையே அவருடையதுதான். தூங்கும்போது சுக்கானை யார் பிடிப்பது என்ற கேள்விக்கும் அவரே ஒரு கருவி செய்தார்.

படகின் பின்புறம் காற்றை நோக்கி ஒரு மெல்லிய தகடு நிற்கும். படகு திசை மாறினால் காற்று தகட்டின் பக்கவாட்டில் மோதும். தகடு சாயும். அந்த அசைவு சுக்கானைத் திருப்பிப் படகைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். எஞ்சினும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒரே சிக்கல், தகட்டுக்குத் தெரிந்தது காற்று மட்டும்தான். காற்று திரும்பினால் படகும் கூடவே திரும்பிவிடும். எதிரே கப்பல் வந்தாலும் அதற்குத் தெரியாது.

1964இல் நடந்த அடுத்த போட்டியில் பிரான்சின் எரிக் தபார்லியின் கருவி பாதி வழிக்கு முன்பே பழுதாகிவிட்டது. அரைகுறைத் தூக்கத்தோடு 27 நாளில் வந்து வென்றார். இரண்டு இரவுக்கே பேருந்தில் சாய்ந்த எனக்கு இதை நம்பவே கடினமாக இருந்தது.

நம் நாட்டு டத்தோ அஸ்ஹார் மன்சோரும் இந்தத் தனிமையை அறிந்தவர். 1999 பிப்ரவரியில் லங்காவியிலிருந்து 'ஜாலூர் கெமிலாங்' படகில் தனியாகப் புறப்பட்டார். கேப் ஹோர்ன் அருகே பாய்மரம் முறிந்தது. ஃபோக்லாந்து தீவுகளில் சரிசெய்துகொண்டு, தென் அட்லாண்டிக்கைக் கடந்து, 190 நாளில் உலகைச் சுற்றி வந்தார். நான் பிறப்பதற்கு முந்தைய கதை. பள்ளியில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது ரேடார், எச்சரிக்கை மணி எல்லாம் உண்டு. வீரர்கள் அரை மணி நேரத் துண்டுகளாகத் தூங்குகிறார்கள். அப்படியும் 2021 ஜனவரியில், உலகைத் தனியாகச் சுற்றும் 'வாந்தே குளோப்' போட்டியில் ஜெர்மனியின் போரிஸ் ஹெர்மான், இலக்குக்குச் சுமார் 90 கடல் மைல் இருக்கும்போது ஒரு மீன்பிடிக் கப்பலில் மோதினார். அவர் கண்ணயர்ந்திருந்தார். மணி ஒலிக்கவில்லை. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

செய்திகள் அவருடைய நழுவிய வெற்றியைப் பற்றியே பேசின. நான் அந்த மீனவர்களை நினைத்தேன். எந்தக் கலமும் எந்நேரமும் கண்காணிப்போடு இருக்க வேண்டும் என்கின்றன 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் விதிகள். தனியாகப் போகிறவர் தூங்கும் ஒவ்வொரு முறையும் அதை மீறுகிறார். வீரத்தை மதிக்கிறேன். ஆனால் அதன் ஆபத்தில் ஒரு பங்கு, போட்டியில் கலந்துகொள்ளாதவர் தலையிலும் விழுகிறதே!

அதனால்தான் புதுச்சேரியைச் சேர்ந்த இந்தியக் கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியின் பயணம் எனக்கு அதிகம் பிடிக்கிறது. கேரளத்தின் தில்னாவுடன் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி'யில் கிளம்பி, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார். இரண்டு பேர் என்றால் ஒருவர் தூங்க, மற்றவர் விழித்திருக்கலாம்.

படகுத்துறையில் ஒரு பாக்சிக் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கடலில் தனியாக இருக்கும்போது தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"நங்கூரம் போட்டு, விளக்கை ஏற்றிவிட்டுத் தூங்குவேன்."

அட்லாண்டிக்கின் சராசரி ஆழம் 3,600 மீட்டருக்கும் மேல், அங்கே நங்கூரம் போட முடியாது என்றேன்.

வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அப்படியென்றால் அந்த ஆளை என் வலைப்பக்கம் வர வேண்டாம் என்று சொல்."