பெட்டியடியில் பழகிய தொழில்

கரையான்சாவடியிலிருந்து குமணன்சாவடி வரை இன்று மளிகைக் கடை வைத்திருக்கும் இளைஞர்களில் பலர், ஒரு நாள்கூட வேறு கடையில் நின்று பழகாமல் முதல் போட்டுக் கடை திறந்தவர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சரக்கெடுக்க வரும்போது, "அண்ணாச்சி, எந்தச் சரக்கு நல்லா ஓடும்?" என்று மட்டுமே கேட்கிறார்கள். இப்படிக் கேட்டால் மொத்த வியாபாரிகளாகிய நமக்குக் கிடங்கில் தேங்கிக் கிடப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும்! அனுபவசாலியிடம் கற்றுக்கொள்ள, கேட்கிறவருக்கும் ஒரு முறை வேண்டும்.

அந்த முறையை நன்கு அறிந்திருந்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். பர்மா, மலாயா, இலங்கை என்று அவர்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், சிறுவயதிலேயே ஒருவன் 'பெட்டியடிப் பையன்' ஆகக் கடையில் சேருவான். கூட்டிப் பெருக்குவது, கடிதம் கொண்டு போவது, பணப்பெட்டி அருகே உட்கார்ந்து நடப்பதைக் கவனிப்பது அவன் வேலை. பிறகு 'அடுத்தாள்' ஆவான். திறமையும் நாணயமும் தெரிந்தபின் 'மேலாள்' ஆகிக் கடையையே நடத்துவான். தவணை பெரும்பாலும் மூன்று வருடம். சொந்தத்தில் கடையிருந்தும் மகனை வேறொருவர் கடையில் பழக அனுப்பிய பெரியவர்கள் உண்டு. தகப்பனார் மன்னித்துவிடும் தவறை அந்த முதலாளி மன்னிக்க மாட்டார் அல்லவா?

1942-ல் பர்மாவில் ஜப்பானியர் புகுந்தது, 1960-களில் அங்கே கடைகள் அரசுடைமையானது என்று அந்த வியாபாரம் முடிந்து போயிற்று. ஆனாலும் அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அக்கரையில் இருந்த மேலாள், ஊரிலிருந்த முதலாளிக்குக் கடிதமும் கணக்கும் தவறாமல் அனுப்பி வந்தார். கடையை நேரில் பாராமலே, வரவு செலவையும் ஐந்தொகையையும் வைத்து முதலாளி குறை கண்டுபிடித்தார். அதாவது யோசனை கேட்பதற்கு முன்னால் கணக்கு போய்ச் சேர்ந்தது.

நாமும் பெரியவரிடம் போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். "வியாபாரம் சுமார்தான்" என்றால் அவர், "போகப் போகச் சரியாகும் தம்பி" என்பார், அவ்வளவுதான். கடன் நோட்டைக் காட்டினால் பேச்சே வேறு. நூற்றுக்கு 8 ரூபாய் நிற்கும் கடையில் 1,000 ரூபாய் கடன் வராமல் போனால், அதை ஈடுகட்ட 12,500 ரூபாய்க்கு விற்க வேண்டும். இதை அவர் ஒரு நிமிடத்தில் போட்டுக் காட்டி, எந்தப் பெயரை முதலில் நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிவிடுவார். கடன் நோட்டைக் காட்ட வெட்கப்படுகிறவர்கள்தான் அதிகம். டாக்டரிடம் போய் வலிக்கும் இடத்தை மறைப்பது போன்றது அது.

யாரிடம் கேட்பது? சரக்கு தருகிற நம்மிடம் மட்டும் கேட்க வேண்டாம். நமக்கு விற்க வேண்டிய அவசரம் உண்டு. அதே தெருவில் போட்டிக் கடை வைத்திருப்பவருக்கும் சங்கடம். ஆவடி, மாங்காடு என்று சற்றுத் தள்ளி, இருபது வருடம் சில்லறைக் கடை நடத்தியவராகப் பாருங்கள். ஜி.எஸ்.டி., செல்போனில் பணம் வாங்குவது போன்றவை அவருக்குப் பிடிபடாமல் இருக்கலாம். அதை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். வாங்கிக்கொண்டே இருக்கிறோம் என்ற கூச்சம் இராது.

அவர் சொன்னதைச் செய்யாவிட்டால், செய்யவில்லை என்பதையும் காரணத்தையும் அடுத்த முறை சொல்லிவிட வேண்டும். மூத்த வியாபாரிகளுக்குக் கோபம் வருவது யோசனையை மறுத்ததற்காக அல்ல. தலையாட்டிவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே வராமல் இருப்பதற்காகத்தான். செய்து பார்த்து நஷ்டம் வந்தாலும் போய்ச் சொல்லுங்கள். அதிலிருந்துதான் அடுத்த பாடம் வரும்.

பணம் கைமாற்று மட்டும் கேட்காதீர்கள். கேட்ட அன்றே அவர் உங்களுக்குக் கடன்காரர் ஆகிவிடுவார்; பிறகு அவர் நோட்டைப் பார்ப்பது தன் பணத்துக்காக.

காலைக் கூட்டத்திலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் போய் நிற்க வேண்டாம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கடை ஓய்ந்திருக்கும். மாதம் ஒரு முறை, நோட்டோடு போனால் போதும்.