இம்தீனா: மால்டாத் தீவின் மௌன நகரம்

வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் நம்மவர்கள் பாரிஸ், ரோம், சுவிட்சர்லாந்து என்று பத்து நாளில் ஏழு ஊர் பார்த்துவிட்டு, கால் வலியோடும் பை நிறைய சாக்லேட்டோடும் திரும்பி வருகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அரை நாளில் நடந்தே முடித்துவிடக் கூடிய, பார்த்த பிறகு பல மாதம் மனத்தைவிட்டுப் போகாத ஒரு சிற்றூர் மத்தியதரைக் கடலின் நடுவே இருக்கிறது. அந்த ஊரைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 90 கி.மீ. தொலைவில் உள்ள தீவு நாடு மால்டா. நாடு முழுவதற்கும் சேர்த்துப் பரப்பு 316 சதுர கி.மீ. தான். இன்றைய சென்னை மாநகராட்சியே 426 சதுர கி.மீ. என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அத்தீவின் நடுப்பகுதியில், சமவெளியிலிருந்து எழும்பிய ஒரு குன்றின் மேல், மதில் சூழ அமைந்திருப்பது இம்தீனா என்னும் பழைய தலைநகர். இதற்கு ‘மௌன நகரம்’ என்று ஒரு செல்லப் பெயர். மதிலுக்குள் வசிப்பவர் 300 பேர்கூட இல்லை.

ஒரு காலத்துத் தலைநகர் எப்படி மௌன நகரம் ஆயிற்று? வியாபாரிக்கு எதிலும் வரவு செலவு பார்க்கும் புத்தி. இந்த ஊரின் கணக்கையும் அப்படியே பார்ப்போம்.

பெயரில் உள்ள சரித்திரம்

முதலில் பெயர். கி.மு. எட்டாம் நூற்றாண்டளவில் பினீசியர் என்னும் கடல் வணிகர் இக்குன்றில் குடியேறினர். அவர்கள் வைத்த பெயர் மலேத். கி.மு. 218இல் ரோமானியர் தீவைப் பிடித்தபோது அது மெலிதே ஆயிற்று. அன்றைய ஊர் இன்றைய இம்தீனாவைப் போல் பல மடங்கு பெரியது. கி.பி. 870இல் அராபியர் கைப்பற்றினர். ஊரின் பெரும்பகுதி பிற்காலத்தில் வெளியே தள்ளப்பட்டது. குன்றின் முனை மட்டும் மதிலுக்குள் நின்றது. அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் ‘மதீனா’, அதாவது நகரம். மதிலுக்கு வெளியே விடுபட்ட பகுதிக்கு ‘ரபாத்’, அதாவது புறநகர். இன்றும் அவை இரண்டும் அதே பெயரோடு அடுத்தடுத்து இருக்கின்றன.

மதீனா என்பது மால்டியர் வாயில் உயிரெழுத்தை இழந்து ‘ம்தீனா’ என்றாகிவிட்டது. மெய்யெழுத்தில் சொல் தொடங்குவது நாவுக்குச் சங்கடம். ஆகவே முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து ‘இம்தீனா’ என்கிறார்கள். ராமனை இராமன் என்று எழுதும் நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நம் இலக்கணம் சொல்லும் காரணம் வேறு, அவர்கள் வழக்கம் வேறு. ஆனாலும் நாவின் நியாயம் ஒன்றுபோலவே வேலை செய்திருக்கிறது.

மால்டிய மொழி அரபு வழி வந்தது. எழுதுவது ரோமன் எழுத்தில். நிறைய இத்தாலியச் சொற்கள் கலந்தது. 2004இல் மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது அதன் ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று. வடநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதில் சில சொற்கள் உடனே பிடிபடும். இந்தியில் கிதாப் என்கிறோமே, அது அங்கே ‘க்தீப்’. துனியா அங்கே ‘தின்யா’. இன்னொன்று கேளுங்கள். மால்டியரில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்; ஆனால் கடவுளை ‘அல்லா’ என்றே தொழுகிறார்கள். ஈஸ்டருக்கு முந்திய தவக் காலத்துக்கு அவர்கள் மொழியில் ‘ரந்தான்’ என்று பெயர். ரமதான்தான்! அரசர்கள் மாறினார்கள், சமயம் மாறிற்று; வீட்டில் பேசிய மொழி மாறவில்லை.

அடகு வைக்கப்பட்ட தீவு

1091இல் நார்மானியர் வந்தனர். பின்னர் மால்டா சிசிலி அரசுக்கும், அதன் வழியாக ஸ்பெயின் பகுதியைச் சேர்ந்த அரகான் அரசுக்கும் உட்பட்டது. இங்கேதான் வியாபாரிகள் காதைத் தீட்டிக்கொள்ளும் செய்தி வருகிறது.

1421இல் அரகான் மன்னர் ஐந்தாம் அல்போன்சோவுக்குப் போர்ச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. மால்டாவையும் அதன் பக்கத்துத் தீவான கோசோவையும் 30,000 பொன் நாணயத்துக்கு அடகு வைத்தார். நகையை வைப்பதுபோல் தீவை வைத்துவிட்டார்! கைமாறி, மோன்ரோய் என்ற பிரபுவிடம் தீவின் வருமானமும் அதிகாரமும் போய்ச் சேர்ந்தன. சில ஆண்டுகளில் மக்கள் கலகம் செய்தனர். கலகத்தோடு நிற்கவில்லை. “அடகுப் பணத்தை நாங்களே திருப்பித் தருகிறோம், எங்களை எங்களிடம் விடுங்கள்” என்று ஏற்பாடு பேசினர். அந்த ஏழைத் தீவில் அது பெருந்தொகை. முழுவதும் திரட்ட முடியாமல் திணறினர். மோன்ரோய் தம் கடைசிக் காலத்தில் பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தார்.

1428இல் மன்னர் சாசனம் எழுதிக் கொடுத்தார்: இனி எக்காலத்தும் தீவைப் பிறருக்குக் கொடுப்பதில்லை, மீறினால் மக்கள் ஆயுதம் ஏந்தி எதிர்க்கலாம். இம்தீனாவுக்கு ‘நோத்தாபிலே’, அதாவது ‘புகழ்மிக்கது’ என்ற பட்டமும் கிடைத்தது. தம் ஊரைத் தாமே விலை கொடுத்து மீட்டவர்கள் உலக வரலாற்றில் அதிகம் இல்லை.

வாக்கு நூறு ஆண்டு நின்றது. 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், புனித யோவான் வீரர் சபையாருக்குத் தீவைத் தூக்கிக் கொடுத்தார். குத்தகை என்ன தெரியுமா? ஆண்டுக்கு ஒரு வல்லூறு! வேட்டைப் பறவை ஒன்று. மக்கள் ஆயிரக்கணக்கான பொன் திரட்டி மீட்ட சொத்து அது.

மௌனம் வந்த வழி

சபையார் கப்பற்படை உள்ளவர்கள். அவர்களுக்குத் துறைமுகம் வேண்டும்; உள்நாட்டுக் குன்று எதற்கு? கரையோரமிருந்த பிர்கு என்னும் ஊரில் தங்கினர். இம்தீனாவுக்கு இது முதல் நஷ்டம். ஆனாலும் ஒவ்வொரு சபைத் தலைவரும் பதவியேற்கும்போது இம்தீனாவின் வாயிலுக்கு வந்து, நகரின் பழைய உரிமைகளைக் காப்பதாகச் சத்தியம் செய்த பிறகே உள்ளே போக வேண்டும் என்ற மரபு இருந்தது. அதிகாரம் போன பின்னும் மரியாதை மிச்சம்.

1551இல் துருக்கியர் படை இம்தீனாவை நெருங்கிப் பிறகு விலகிற்று. ஆனால் கோசோவில் இறங்கி, சுமார் 5,000 பேரை அடிமைகளாகப் பிடித்துச் சென்றது. 1565இல் ‘மாபெரும் முற்றுகை’. அப்போது இம்தீனாவிலிருந்து ஒரு சிறு குதிரைப்படை புறப்பட்டுத் துருக்கியரின் பாசறையைத் தாக்கிக் குலைத்தது. உதவிக்குப் பெரும்படை வந்துவிட்டதாக எண்ணித் துருக்கியர் நடந்துகொண்டிருந்த தாக்குதலை விட்டுத் திரும்பினர். முற்றுகையின் போக்கையே மாற்றிய நாள் அது என்பர்.

வெற்றியின் பலன் யாருக்கு? அடுத்த ஆண்டு, 1566இல், துறைமுகத்தின் மேல் வாலெட்டா என்ற புது நகருக்கு அடிக்கல் நாட்டினர். 1571இல் தலைநகர் அங்கே மாறியது. வணிகரும் கைத்தொழிலாளரும் வேலை தேடியவரும் புது நகருக்குப் போனார்கள். இம்தீனாவுக்குப் புதுப் பட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டது: ‘பழைய நகரம்’. மௌனம் தொடங்கியது இங்கேதான். குன்றின் அமைதி என்று நாம் ரசிப்பது, உண்மையில் ஜனங்கள் எழுந்து போனதன் ஓசை.

1693 ஜனவரி 11இல் சிசிலியைக் குலைத்த பெரும் நிலநடுக்கம் இங்கும் கட்டடங்களைச் சேதப்படுத்திற்று. பிரதான தேவாலயத்தை லொரென்சோ காஃபா என்ற மால்டியச் சிற்பி புதிதாகக் கட்டினார். 1722இல் சபைத் தலைவரான மானோயல் தெ வில்யேனா, மோந்தியோன் என்ற பிரெஞ்சுப் பொறியாளரைக் கொண்டு ஊரைச் சீர்படுத்தினார். இன்று நாம் நுழையும் அலங்கார வாயில் 1724இல் எழுந்தது. அதன் அருகே சற்றுத் தள்ளிப் பார்த்தால், அடைத்துவிட்ட பழைய வாயிலின் தடம் தெரியும்.

மௌன நகரம் ஒரே ஒரு முறை பலமாகக் கத்தியது. 1798இல் நெப்போலியன் தீவைப் பிடித்தார். பிரெஞ்சுக்காரர் தேவாலயச் சொத்துகளை எடுத்து விற்கத் தொடங்கினர். செப்டம்பர் 2ஆம் தேதி இம்தீனாவின் கர்மேல் சபைத் தேவாலயப் பொருள்களை ஏலம் விட முனைந்தபோது கூட்டம் கொதித்தெழுந்தது. பிரெஞ்சுத் தளபதி மஸ்ஸோன் கொல்லப்பட்டார். கலகம் தீவெங்கும் பரவி, 1800இல் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. பிறகு ஆங்கிலேயர், 1964இல் விடுதலை. அடகையும் பொறுத்து மீட்ட ஜனங்கள், ஏலத்தைப் பொறுக்கவில்லை.

போனால் என்ன பார்க்கலாம்?

வாலெட்டாவிலிருந்து ரபாத் ஊருக்கு அடிக்கடி பேருந்து உண்டு. தூரம் ஏறக்குறைய 12 கி.மீ. 1883 முதல் 1931 வரை இவ்வழியே ஒரு சின்ன ரயிலும் ஓடிற்று. பேருந்தை விட்டு இறங்கினால், அகழியின் மேல் பாலம், அப்பால் வாயில். தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் இளைஞர்கள் இதைக் கண்டதும், “ஓ, இது ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ வாசல்!” என்பார்கள். முதல் பருவத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை.

வாயிலை ஒட்டி வில்யேனா மாளிகை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காசநோய் மருத்துவமனையாக இருந்தது; 1973 முதல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். நேரே செல்லும் முதன்மைத் தெருவின் பெயர் வில்கேன்யோன் தெரு. 1551இல் காவலுக்கு வந்த வீரரின் பெயர் அது. பக்கத்துச் சந்துகள் வளைந்து வளைந்து போகும். வெயில் நேராக விழாது. எதிரியின் அம்பும் நேராகப் போகாது. உள்ளூர்வாசிகளின் வண்டிகளும் அனுமதி பெற்ற சிலவும் தவிர வேறு மோட்டார் வண்டி கிடையாது. தேன் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர்களுக்கிடையே நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும்.

தேவாலய முகப்பில் இரண்டு கடிகாரம். ஒன்று மணி காட்டும். மற்றது தேதி காட்டும். சாத்தானைக் குழப்புவதற்காம்! உள்ளே தரை முழுவதும் பல வண்ணப் பளிங்கு பதித்த கல்லறைப் பலகைகள். கி.பி. 60இல் புனித பவுல் கப்பலுடைந்து இத்தீவில் ஒதுங்கியபோது அவரை வரவேற்ற புப்ளியு என்பவரின் வீடு இருந்த இடம் இது என்பது மரபு. பக்கத்து அருங்காட்சியகத்தில் ஜெர்மானிய ஓவியர் த்யூரரின் மரச்செதுக்கு ஓவியங்கள் இருக்கின்றன.

பலாத்சோ பல்சோன் என்ற பழைய மாளிகையையும் விட வேண்டாம். கப்பல் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த கேப்டன் ஓலோஃப் கோல்ஷர், 1962இல் இறக்கும் வரை ஓவியம், வெள்ளி, ஆயுதம், கம்பளம், நூல் என்று சேர்த்து வைத்தவை எல்லாம் அங்கே உள்ளன. 2007 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. சம்பாதித்ததை என்ன செய்வது என்று யோசிக்கும் வணிகர்கள் ஒருமுறை பார்ப்பது நல்லது.

தெருமுனையில் கொத்தளச் சதுக்கம். அங்கு நின்றால் பாதித் தீவும் கடலும் தெரியும். காவலுக்கு ஏன் இந்தக் குன்றைத் தேர்ந்தார்கள் என்பதற்கு விளக்கமே தேவையில்லை. திரும்பும்போது ரபாத்தில் ரோமானிய வீடு ஒன்றின் படச்சில்லுத் தளத்தையும், 2,000 சதுர மீட்டருக்கு மேல் பரந்த புனித பவுல் நிலத்தடிக் கல்லறைகளையும் பார்க்கலாம்.

நம் குடும்பங்களுக்குச் சில குறிப்பு: மால்டாவுக்கு ஷெங்கன் விசா வேண்டும், நாணயம் யூரோ. ஜூலை, ஆகஸ்ட் வெயில் கடுமை. வசந்த காலம் உத்தமம். சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். ‘பஸ்தீத்சி’ என்ற அடுக்கு மாவுப் பலகாரம், பாலாடைக்கட்டி வைத்தது, பட்டாணி வைத்தது என இரு வகை. சூடாகச் சாப்பிட்டால் நம் சமோசாவுக்குத் தம்பி. மாவில் விலங்குக் கொழுப்பு உண்டா என்று மட்டும் சைவர்கள் கேட்டு வாங்குக. தக்காளி தேய்த்து, ஆலிவ் எண்ணெய் விட்ட ரொட்டியும் கிடைக்கும். அதில் மீன் வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மால்டாவில் இந்திய முகம் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிந்தி வணிகர்கள் வாலெட்டாவில் கடை போட்டுவிட்டார்கள்.

கணக்கை முடிக்கையில்

ஐந்து லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள மால்டாவுக்கு 2024இல் மட்டும் 35 லட்சத்துக்கு மேல் பயணிகள் வந்தனர். அவர்களில் எத்தனையோ பேர் இந்தச் சின்ன வாயிலுக்குள் நுழைகிறார்கள். ஆகவே நண்பகலில் மௌன நகரம் அவ்வளவு மௌனமாக இராது. மாலையில், சுற்றுலா வண்டிகள் போன பிறகு பாருங்கள். விளக்கெரியும் ஜன்னல்கள் குறைவு. ஆனால் கதவுகளின் பித்தளைப் பிடிகள் பளபளக்கும். வீடுகள் பழைய குடும்பங்களின் பெயரைச் சுமந்து நிற்கும்.

பிழைப்புக்காகத் துறைமுகத்துக்கு இறங்கிப் போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. பிழைப்பு அங்கே இருந்தது. சொந்த ஊரை விட்டு வந்து தொழில் செய்யும் நமக்கு அது தெரியாததா? கேள்வி வேறு: போனவர்கள் ஊரை என்ன செய்தார்கள்? இடித்து விற்கவில்லை, பாழாகவும் விடவில்லை. இடிந்தபோது கட்டினார்கள், அடகு போனபோது மீட்டார்கள், ஏலம் வந்தபோது எதிர்த்தார்கள். வருமானம் போய் நானூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் ஊர் நிற்கிறது. பூட்டிய பூர்வீக வீட்டின் சாவி இன்னும் கையில் உள்ளவர்கள், இம்தீனாவுக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.