புகையின் கணக்கு: தரையில் பாதி, வானத்தில் பாதி

புகைமூட்டம் என்றால் என்ன என்று நம் நாட்டு மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1997 செப்டம்பரில் சரவாக்கில் அவசரகாலமே பிரகடனம் செய்யப்பட்டது. 2013 ஜூன் மாதம் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது. பள்ளிகளை மூடுவதா, முகக்கவசம் அணிவதா என்று முடிவெடுக்க அந்த எண் போதும்.

ஆனால், அந்த எண்ணைச் சொல்வது தரையில் நிற்கும் ஒரு கருவி. தன்னைக் கடந்து போகும் காற்றை மட்டும்தான் அதனால் அளக்க முடியும். நம் தலைக்கு மேலே இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரம் வரை படர்ந்து நிற்கும் புகை அங்கே என்ன செய்கிறது? வெயிலை மறைத்துப் பூமியைக் குளிர்விக்கிறதா? அல்லது வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறதா? இந்தக் கேள்விக்குத் தரையில் இருந்துகொண்டே விடை காண முடியாது. வானத்திற்கும் போக வேண்டியிருந்தது.

துகள்கள் எத்தகையவை?

காற்றில் மிதக்கும் நுண்துகள்களை விஞ்ஞானிகள் ஏரோசால் என்று அழைக்கிறார்கள். கடலலை தெறிக்கும்போது எழும் உப்பு, பாலைவனத் தூசு, நிலக்கரி எரிப்பதால் உண்டாகும் சல்பேட், விறகும் டீசலும் எரியும்போது வரும் கரி எல்லாம் இதில் அடங்கும். இவற்றுள் பல, தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கைவிடச் சிறியவை.

அளவில் சிறியவை என்றாலும் குணத்தில் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. சல்பேட் வெண்மையானது, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கரி கறுப்பானது, வெயிலில் காயும் கறுப்புச் சட்டையைப் போல வெப்பத்தை உள்வாங்கிக்கொள்ளும். புகையில் இரண்டும் கலந்தே இருப்பதால், எது எவ்வளவு என்று தெரியாமல் புகையின் விளைவைக் கணக்கிட முடியாது.

தரையில் நடக்கும் வேலை

1880களின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கின் ஒரு வழி கண்டார். கண்ணுக்குத் தெரியாத துகளின் மேல் நீராவியைப் படிய விட்டால் அது சிறு துளியாகப் பெருக்கும், துளியை எண்ணிவிடலாம். இன்றைய கருவிகளும் அதே வழியில்தான் இயங்குகின்றன. பெரும்பாலும் நீராவிக்குப் பதில் பியூட்டனால் என்ற ஆல்கஹாலின் ஆவி. கண்ணுக்குப் பதில் லேசர் ஒளி.

கரியை அளப்பதற்கு வேறு முறை. வெள்ளை வடிதாளின் வழியே காற்றை இழுப்பார்கள். தாள் எவ்வளவு விரைவாகக் கறுக்கிறது என்பதை ஒளியைப் பாய்ச்சிப் பார்த்துக் கரியின் அளவைக் கணக்கிடுவார்கள்.

மூன்றாவது கருவி சூரிய ஒளிமானி. அது காற்றை இழுப்பதில்லை. பகல் முழுவதும் சூரியனையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். வெவ்வேறு நிறங்களில் எவ்வளவு ஒளி குறைந்து வந்து சேருகிறது என்பதைக் கொண்டு, தரைக்கும் வானத்திற்கும் இடையே மொத்தம் எவ்வளவு துகள் இருக்கிறது என்று சொல்லிவிடும். அமெரிக்காவின் நாசா முன்னின்று நடத்தும் ஏரோநெட் என்ற வலையமைப்பில் உலகெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் இத்தகைய கருவியை வைத்துள்ளன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் இது நிறுவப்பட்டது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. மொத்தத்தைச் சொல்லும் இக்கருவி, எந்த உயரத்தில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. மேகம் சூரியனை மறைத்துவிட்டால் இதற்கு வேலையே இல்லை.

விமானத்தில் உள்ள சிக்கல்

அப்படியென்றால் விமானத்தை அனுப்பி அளந்துவிடலாமே என்று தோன்றும். அது அத்தனை எளிதல்ல. ஆய்வு விமானம் வினாடிக்கு 100 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கிறது. அந்த வேகத்தில் ஒரு குழாயை வெளியே நீட்டினால், உள்ளே பாயும் காற்று வளைவில் திரும்பும்போது பெரிய துகள்கள் திரும்ப முடியாமல் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். கருவிக்கு வந்து சேருவது சிறியவை மட்டுமே. ஆகவே காற்றின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் வகையில் குழாயின் வாயை வடிவமைக்க வேண்டும்.

மேகத்திற்குள் நுழைந்தால் வேறு தொல்லை. நீர்த்துளிகள் குழாயின் விளிம்பில் மோதிச் சிதறுவதால், இல்லாத துகள்கள் கணக்கில் ஏறிவிடும். ஈரக்காற்றில் உப்பும் சல்பேட்டும் நீரை உறிஞ்சி ஊதிப்போகும். எனவே காற்றை உலர்த்தித்தான் அளக்க வேண்டும். பிறகு, ஈரத்தில் அத்துகள் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்றும் கணக்கிட வேண்டும். இவ்வளவு பாடுபட்டாலும் விமானம் சில மணி நேரத்தில் தரையிறங்கிவிடும். நிலையமோ ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டே இருக்கும். ஒன்றின் குறையை இன்னொன்றுதான் நிரப்ப முடியும்.

இந்தியப் பெருங்கடலில் கண்டது

இவ்விரண்டையும் சேர்த்து நடத்திய பெரும் ஆய்வுகளில் ஒன்று இண்டோயெக்ஸ். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை அதன் முக்கியக் கட்டம் நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் பேராசிரியரான வீரபத்திரன் ராமநாதனும், நோபெல் பரிசு பெற்ற பால் குருட்சனும் அதற்குத் தலைமை வகித்தனர். அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா ஆகியவற்றைச் சேர்ந்த 200க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் பங்கேற்றனர். விமானங்கள், கப்பல்கள், துணைக்கோளங்கள், மாலத்தீவின் காசிதூ தீவில் அமைந்த தரை நிலையம் ஆகியவை ஒரே நேரத்தில் அளந்தன.

தொழிற்சாலை இல்லாத நடுக்கடலில் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு நிறப் புகைப்படலம் பரவியிருந்தது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு மனிதர் உண்டாக்கியது என்று கணக்கிடப்பட்டது. வடகிழக்குப் பருவக்காற்று அதைத் தெற்காசியாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் அள்ளிக்கொண்டு வந்திருந்தது. கடல்மட்டத்திற்கு வந்து சேரும் வெயிலில் 10 விழுக்காடு வரை குறைந்திருந்தது. வெயில் குறைந்தால் கடல்நீர் ஆவியாவது குறையும். ஆவி குறைந்தால் மழை குறையும். மழையை நம்பி வாழும் கோடிக்கணக்கான விவசாயிகளின் வயிற்றுப்பாடு அதில் அடங்கியிருந்தது.

2002-இல் ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டம் இதனை ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்ற பெயரில் அறிக்கையாக வெளியிட்டபோது சர்ச்சை எழுந்தது. இது ஆசியாவுக்கு மட்டும் உரியதா, சில மாத அளவீட்டை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று இந்தியத் தரப்பு கேட்டது. கேள்வியில் நியாயம் இருந்தது. பிறகு ‘வளிமண்டலப் பழுப்பு மேகங்கள்’ என்று பெயர் மாறியது. அளவீடும் தொடர்ந்தது.

மூன்று விமானங்கள், ஒரே நேரம்

அதற்குள் முக்கியமான கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. புகைப்படலம் எவ்வளவு வெப்பத்தைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது? ஒரு வீட்டுக்குள் வந்த பணமும் வெளியே போன பணமும் தெரிந்தால் உள்ளே தங்கியது தெரிந்துவிடும். அதுபோல, படலத்தின் மேலே விழும் ஒளியையும் கீழே இறங்கும் ஒளியையும் அளக்க வேண்டும். ஆனால் ஒரே விமானம் மேலே அளந்துவிட்டுக் கீழே இறங்குவதற்குள் சூரியன் நகர்ந்துவிடும், மேகம் வந்துவிடும்.

2006 மார்ச்சில் ராமநாதன் குழுவினர் மாலத்தீவின் அனிமாதூ தீவிலிருந்து எடை குறைந்த மூன்று ஆளில்லா விமானங்களை அனுப்பினர். 500 மீட்டருக்கும் 3,000 மீட்டருக்கும் இடையில் ஒன்று கீழே, ஒன்று நடுவே, ஒன்று மேலே பறந்தன. ஒரே இடத்தை மூன்றும் கடந்த நேர வித்தியாசம் 10 வினாடிக்கும் குறைவு. இப்படி 18 முறை பறந்தன. 2007-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. கீழ்வளிமண்டலம் வெயிலால் சூடாவதைப் பழுப்பு மேகங்கள் ஏறத்தாழ 50 விழுக்காடு கூட்டியிருந்தன. புகை பூமியின் மேற்பரப்பை நிழலாக்குகிறது. அதே நேரத்தில் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. இமயமலைப் பனி உருகுவதில் இதற்கும் பங்கு இருக்கலாம் என்று அந்த ஆய்வு எச்சரித்தது.

நாம் அறிய வேண்டியது

2020-இல் கோவிட் பெருந்தொற்றால் தெற்காசியாவில் வாகனங்களும் ஆலைகளும் நின்றபோது, அனிமாதூ நிலையம் தொடர்ந்து அளந்துகொண்டிருந்தது. துகள்கள் குறைந்தன, தரைக்கு வரும் வெயில் கூடியது. ஆனால் கரியைவிட வெண்துகளே அதிகம் குறைந்திருந்தது. நிழல் விலகியதும், அதுவரை மறைந்திருந்த வெப்பம் வெளிப்பட்டது.

இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. துகள்கள் காற்றில் தங்குவது சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரங்கள். கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் நிற்கும். நுரையீரலைக் காக்கப் புகையைக் குறைத்தே ஆக வேண்டும். வெளிக்காற்றின் தூய்மைக்கேட்டால் 2019-இல் மட்டும் 42 லட்சம் பேர் உரிய காலத்திற்கு முன்பே இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. ஆனால் வெண்துகளை மட்டும் அகற்றிவிட்டுக் கரியையும் கரியமில வாயுவையும் விட்டுவைத்தால் வெப்பம் ஏறும். மூன்றையும் சேர்த்தே குறைக்க வேண்டும். எதை முதலில், எவ்வளவு என்று அரசுகள் முடிவெடுப்பதற்குத் தரைநிலையமும் விமானமும் தரும் எண்களே அடிப்படை. புகைமூட்டம் விலகிய மாதங்களிலும் அந்தக் கருவிகள் அளந்துகொண்டே இருக்க வேண்டும். தூய காற்று எது என்று தெரிந்தால்தான் கெட்ட காற்றின் அளவு தெரியும்.