சாயக்கழிவு ஆற்றுக்குப் போகாமல் தொழில் வளருமா?

சுற்றுச்சூழல் விதிகளைக் கறாராக அமல்படுத்தினால் ஆலைகள் நொடித்துப் போகும், மலிவாக விற்கும் அயல்நாட்டார் சந்தையைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற வாதம் நெடுநாளாக இருக்கிறது. இதற்கு நேர்மாறான கருத்தை 1991-ல் அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் முன்வைத்தார். சரியாக வகுத்த விதி, நிறுவனங்களைப் புதிய வழி தேட வைக்கும். அந்த வழியே பின்னர் அவற்றைப் போட்டியில் முன்னே நிறுத்தும் என்றார் அவர். காசு கொடுத்து வாங்கிய பொருள் வீணாவதைத்தானே கழிவு என்கிறோம்? அதைக் குறைத்தால் செலவும் குறையும் அல்லவா? இந்த இரண்டு வாதங்களும் நேருக்கு நேர் மோதிய ஊர் திருப்பூர்.

நொய்யலுக்கு நேர்ந்தது

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யல், திருப்பூர் நகருக்குள் ஓடுகிறது. 1980-களுக்குப் பிறகு பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக, சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. கழிவுநீர் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. தண்ணீர் திறந்துவிடக் கோர வேண்டிய விவசாயிகளே, தயவுசெய்து திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது.

அவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் விதித்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. துணியை வெளிமாநிலங்களுக்கு அனுப்பிச் சாயமேற்றி வரவழைத்தார்கள். பலர் வேலை இழந்தார்கள். திருப்பூரின் கதை முடிந்தது என்றே பேச்சு அடிபட்டது. ஆனால் தண்ணீரையும் உப்பையும் குறைத்து, கழிவை மீட்டு ஊர் மீண்டு எழுந்தது.

ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு தண்ணீர்?

விஞ்ச் எனப்படும் பழைய சாய இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு ஒரு முறை சுமார் 20 லிட்டர் தண்ணீர் நிரப்ப வேண்டும். சலவை, சாயம், சோப்பு, அலசல் என்று எட்டு முறை நிரப்பி வடித்தால் 160 லிட்டர் ஆகிறது. இப்போதைய சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்துக்கு ஒரு முறைக்கு 6 முதல் 8 லிட்டர் போதும். அதே எட்டு முறைக்கு 48 முதல் 64 லிட்டரில் வேலை முடிகிறது.

உப்பும் அதே விகிதத்தில் குறைகிறது. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறமென்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை போடுவார்கள். 20 லிட்டருக்குப் போட்டால் கிலோ துணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் உப்பு. 8 லிட்டருக்குப் போட்டால் ஏறத்தாழ அரைக் கிலோ. இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரோடு வந்துவிடும். நொய்யல் பாசன நிலங்களைக் கெடுத்ததில் நிறத்தை விட இந்த உப்புக்கே பங்கு அதிகம்.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள்

பட்டறைக் கழிவுநீர் குழாய் வழியே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. முதலில் நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைத் தின்று தீர்க்கின்றன. எஞ்சிய நிறத்தை நீக்கி, நுண்வடிகட்டிகளில் தெளியவைத்த பிறகு, தண்ணீர் ஆர்.ஓ. சவ்வுகளுக்குப் போகிறது. நூற்றில் 85 முதல் 90 பங்கு நல்ல நீராகத் திரும்பிப் பட்டறைக்கே போகும்.

மிச்சமிருக்கும் 10, 15 பங்கு கடும் உப்புக் கரைசல்தான் பெரிய தலைவலி. அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்ற 70 கிலோ கலோரி போதும். அதை ஆவியாக்க மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். எரிபொருள் செலவு கழுத்தைப் பிடிக்கும் இடம் இது. அதனால் வெளிவரும் நீராவியை வீணாக்காமல், அமுக்கி வெப்பத்தை உயர்த்தி, அடுத்து வரும் கரைசலைச் சூடாக்க அதையே பயன்படுத்துகிறார்கள்.

உப்பையும் மீட்கிறார்கள். சாதாரண உப்புக்குப் பதிலாகப் பல பட்டறைகள் சோடியம் சல்ஃபேட்டுக்கு மாறியிருக்கின்றன. 32 டிகிரியில் 100 கிராம் நீரில் சுமார் 50 கிராம் கரையும் இந்த உப்பு, 0 டிகிரிக்கு அருகில் 5 கிராம் அளவுக்குத்தான் கரையும். செறிந்த கரைசலைக் குளிரவைத்தால் உப்பு படிகமாகப் பிரிந்துவிடும். மீண்டும் சாயமேற்ற அதையே எடுத்துக்கொள்ளலாம். சில நிலையங்களில் உப்புக் கரைசலையே சுத்தப்படுத்திச் சாயத் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். அந்த அளவுக்கு ஆவியாக்கும் செலவு மிச்சம்.

சிறு பட்டறை எப்படித் தாங்கியது?

இந்த ஏற்பாட்டைத் தனியாக நிறுவச் சிறு பட்டறைக்காரரால் முடியாது. பல பட்டறைகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து பொது நிலையம் நடத்துகின்றன. அனுப்பும் கழிவின் அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்துகின்றன. இந்த நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. இன்று இப்படி 18 நிலையங்கள் உள்ளன. சவ்வும் ஆவியாக்கியும் வேறு நாடுகளில் ஏற்கெனவே இருந்தவைதான். நூற்றுக்கணக்கான சிறு தொழில்முனைவோர் சேர்ந்து அவற்றை நடத்தும் அமைப்புதான் திருப்பூரின் சொந்தப் படைப்பு. புத்தாக்கம் என்றதும் ஆய்வுக்கூடத்தை மட்டும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

போட்டியில் என்ன லாபம்?

சாயச் செலவு கூடியது உண்மை. ஐரோப்பியச் சந்தையில் வங்கதேசத்துக்கு வரிச்சலுகை இருந்தபோது, இந்திய ஆடைகள் வரி கட்டித்தான் நுழைந்தன. அந்தச் சுமையோடு இந்தச் செலவும் சேர்ந்தது. ஆனால் சந்தையின் போக்கும் மாறியது. கிரீன்பீஸ் அமைப்பு 2011-ல் தொடங்கிய பிரசாரத்துக்குப் பிறகு, பெரிய ஆடை நிறுவனங்கள் சாயக்கழிவைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கின. ஆடை எங்கே, எப்படி உருவானது என்ற விவரத்தைக் கூடவே தரும் டிஜிட்டல் பாஸ்போர்ட் முறைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் சட்டம் இயற்றியது. இந்தக் கேள்விகளுக்குத் திருப்பூரிடம் மீட்டர் கணக்கோடு பதில் இருக்கிறது. பெரும்பகுதித் தண்ணீர் சுழன்று திரும்புவதால் கோடையிலும் ஆர்டரை நம்பி ஏற்க முடிகிறது.

2024-25-ல் திருப்பூரின் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊருடையது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால், விதி வந்தால் தொழில் செத்துவிடும் என்ற கணிப்பு பொய்த்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

இன்னும் தீராதவை

பிரிக்க முடியாத கலப்பு உப்பு நிலையங்களிலேயே மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது. ஆவியாக்கும் கொதிகலன்களுக்கு விறகு வேண்டும். நிரந்தரத் தீர்வு உப்பே இல்லாத சாயமேற்றல். நீரில் பருத்தி நூல், சாயம் இரண்டுக்கும் ஒரே வகையான எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. அந்த விலக்கலைத் தணிக்கவே உப்பு போடுகிறோம். பருத்தியை முன்கூட்டியே பதப்படுத்தி நேர் மின்னூட்டம் ஏற்றினால், உப்பில்லாமலே சாயம் பிடிக்கும். செலவு குறைந்து, நிறம் சீராக வருமானால் சாயத்தொழிலின் கணக்கே மாறிவிடும்.

நாடு செய்ய வேண்டியது

ஓர் ஊரில் மட்டும் கடுமை, பக்கத்து மாநிலத்தில் தளர்வு என்றால் நேர்மையாக நடப்பவர்தான் நஷ்டப்படுவார். எனவே விதி நாடு முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். சிறு தொழில்களுக்குப் பொதுக் கட்டமைப்பும் நீண்டகாலக் கடனும் வேண்டும். கலப்பு உப்பு, உப்பில்லாச் சாயம் போன்ற தொழிலின் உண்மையான சிக்கல்களுக்கு ஆராய்ச்சிப் பணம் போக வேண்டும். இந்த மூன்றையும் அரசு முன்பே செய்திருந்தால் நொய்யலும் பிழைத்திருக்கும், 2011-ல் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்திருக்கவும் மாட்டார்கள். அடுத்த தொழிலுக்காவது, ஆறு கெட்டு நீதிமன்றம் கதவை மூடும் வரை காத்திருக்க வேண்டாம்.