வாசல் மரத்தை வெட்டலாமா?

பாபநாசத்தில் பொதிகை மலை கண்ணெதிரே பச்சையாக நிற்கிறது. 'வாசலில் வேறு மரம் எதற்கு?' என்று நினைக்கிறோம். இலைக் குப்பை, வேர், பாம்பு பயம் எனக் காரணமும் சொல்கிறோம். ஆனால் மலையின் பசுமை நம் தெருவுக்கு நிழல் தராது. வாசல் வேம்போ வெயிலை மறைப்பதோடு, இலைவழியே நீராவியை விட்டுக் காற்றையும் குளிர்விக்கிறது.

1998இல் வெளியான ஆய்வு ஒன்றில், சிகாகோ நகர ராபர்ட் டெய்லர் அடுக்ககவாசிகளிடம் அவர்களது முற்றத்தின் படங்களைக் காட்டினார்கள். மரங்கள் கூடக்கூட இடம் பிடித்தமானதாகவும் பாதுகாப்பானதாகவும் தோன்றியது. அச்சம் தருவது மறைவான புதர்தான், நிமிர்ந்த மரமல்ல.

ஆகவே புதரை அகற்றுவோம், தாழ்ந்த கிளைகளைக் கழிப்போம், மரத்தை விட்டுவைப்போம். நட்ட மரத்தில் பறவை உண்டாலும் அது தர்மம் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனையல்லவா?