இரவில் மணக்கும் பூமரமும் பாம்புப் பயமும்

பளைப் பக்கம் தென்னந்தோட்ட வீடுகளுக்குப் போனால், பூக்கண்டு பற்றிப் பேச்செடுத்தவுடன் யாராவது கேட்பார்கள்: “ஐயா, இரவுராணி நட்டால் பாம்பு வருமாமே?” இந்தப் பயத்தில் பூத்து நின்ற மரத்தையே தறித்தவர்களும் உண்டு.

பாம்பு பூவாசத்துக்கு வருவதில்லை. அந்த வாசமும் வெள்ளை நிறமும் இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளைக் கூப்பிடத்தான். பாம்பு தேடுவது எலியையும் தவளையையும். மரத்தடியில் சருகும் பொச்சுமட்டையும் காய்ந்த ஓலையும் குவிந்து கிடந்தால் புடையன் படுக்க நல்ல இடம். வாழையடியிலும் இதே கதைதான். ஆகவே மரத்தைத் தறிக்காதீர்கள். நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு அடிக்கொப்புகளை வெட்டிவிட்டு, கீழே கூட்டித் துப்புரவாக வைத்திருங்கள்.

இரவுராணியில் எனக்குள்ள பயம் வேறு. அது மேற்கிந்தியத் தீவுப் பக்கத்துச் செடி. புகையிலை, ஊமத்தை குடும்பம். இலையும் சின்ன வெள்ளைக் காயும் நஞ்சு. ஆடு கட்டும் வளவிலும், கண்டதை வாயில் போடும் பிள்ளைகள் உள்ள வீட்டிலும் அது வேண்டாம். நட்டே தீருவோம் என்றால் சன்னலடியில் வைக்காமல் தள்ளி வையுங்கள். அந்த வாசம் சிலருக்குத் தலையிடி கொடுக்கும்.

அதற்குப் பதில் பவளமல்லிகை நடலாமே! பொழுதுபட விரியும், விடியமுன் கொட்டிவிடும். ஐப்பசி மழை தொடங்கியதும் ஒன்றரை அடிக் கிடங்கு வெட்டி, அடியில் பொச்சுமட்டையை உள்பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். மழைத்தண்ணீரை அது பிடித்து வைக்கும். மேலே மக்கிய மாட்டெருவும் மண்ணும் போட்டுக் கண்டை நடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், கவனம். பூத்து முடிந்ததும் கொப்பு நறுக்கினால் மரம் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும்.

ஒரு விஷயம். விடியமுன் இருட்டில் பிள்ளைகளைப் பூப் பொறுக்க விடாதீர்கள். மரத்தடியில் பழைய சேலையொன்றை விரித்துவிட்டு, வெளிச்சம் வந்தபின் அள்ளுங்கள். அப்படியும் பாம்பு கடித்துவிட்டால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ, கல் வைக்கவோ வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிதான். 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும்; 2018 தொடக்கம் வடக்கிலும் அது ஓடுகிறது.